ரொறன்ரோவில் இப்ப எத்தனை மணி? ஷெல்லின் சூழல் மாறிகளைப் பழகுவது

கோண்டாவிலில் எங்கள் வீட்டு முன் அறையில், பின்னேரங்களில் சில பிள்ளைகளுக்கு லினக்ஸ் இயங்குதளம் சொல்லிக் கொடுக்கிறேன். சூழல் மாறி என்றதும் எல்லோரும் கொப்பியை விரித்து வரைவிலக்கணம் எழுத ஆயத்தமாவார்கள். நான் அதைச் சொல்வதில்லை. "ரொறன்ரோவில் இப்ப எத்தனை மணி?" என்று கேட்பேன். அங்கே சித்தியோ மாமாவோ இல்லாத பிள்ளை எங்கள் பக்கம் குறைவு. கோடையில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. விரல் மடித்து எண்ணத் தேவையில்லை, நாங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓடவிடும் நிரலான ஷெல்லிடமே கேட்கலாம்.

கட்டளைகளைப் போனில் சொல்லுவதுபோல ஒலிப்பிலேயே எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான டெர்மினலில் டேட் என்று அடித்தால் எங்கள் நேரம் வரும். இப்போது அதற்கு முன்னால் ஒன்றைச் சேருங்கள். பெரிய எழுத்தில் டீ, இசட். அதோடு ஒட்டிச் சமன் குறி. அதோடு ஒட்டி அமெரிக்கா, சாய்கோடு, டொரன்டோ. இரண்டிலும் முதல் எழுத்து பெரிது. பிறகு ஓர் இடைவெளி விட்டு டேட். மாமா வீட்டு நேரம் வந்துவிடும். திருப்பி வெறும் டேட் அடியுங்கள், பழையபடி கோண்டாவில் நேரம். ஊரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் லினக்ஸ் பிழை என்று சொல்லாது, உலகப் பொது நேரத்தைக் காட்டிவிடும். ஆகவே எழுத்தை வடிவாகப் பாருங்கள்.

பாதி விசயம் அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. சூழல் மாறி என்றால் ஒரு பெயர், அதற்கு ஒரு பெறுமதி. ஷெல் ஒரு கட்டளையை ஓடவிடும்போது, தன்னிடமுள்ள பட்டியலைப் பிரதி எடுத்து அதன் கையில் கொடுத்து அனுப்புகிறது. அம்மா தன் கொப்பியில் உள்ள சாமான் பட்டியலைப் பார்த்து ஒரு துண்டில் எழுதித் தந்து கடைக்கு அனுப்புவதுபோல. பிள்ளை வழியில் துண்டில் எதை வெட்டி எழுதினாலும் அம்மாவின் கொப்பி மாறாது. லினக்ஸின் முன்னோடியான யுனிக்ஸில், 1979இல் வந்த ஏழாவது பதிப்பிலிருந்து இதுதான் வழக்கம்.

இதைக் கையால் செய்து பார்த்தால்தான் மனதில் நிற்கும். ஊர் என்ற பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதி, சமன் போட்டு, கோண்டாவில் என்று கொடுங்கள். சமன் குறிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி கூடாது. விட்டால் ஊர் என்பதையே ஒரு கட்டளையாக நினைத்து ஷெல் தேடப் போய்விடும். அடுத்து பாஷ் என்று அடித்து உள்ளே இன்னொரு ஷெல்லைத் திறந்து, பெறுமதியைக் காட்டும் எக்கோ, இடைவெளி, டாலர் குறியோடு ஒட்டிய ஊர் என்று அடியுங்கள். வெறும் வரிதான் வரும். எக்சிட் கொடுத்து வெளியே வந்து எக்ஸ்போர்ட் ஊர் என்று அடித்துவிட்டு, மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள். இப்போது கோண்டாவில் இருக்கும். உள்ளேயே அதை நல்லூர் என்று மாற்றிவிட்டு வெளியே வாருங்கள். வெளியே இன்னும் கோண்டாவில்தான்.

எக்ஸ்போர்ட் என்பது "இதையும் துண்டில் எழுது" என்பது, அவ்வளவுதான். ஸ்கிரிப்டுக்குள் (கட்டளைகளை எழுதிவைத்த கோப்புக்குள்) எக்ஸ்போர்ட் போட்டேன், முடிந்ததும் காணவில்லை என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான். அந்த ஸ்கிரிப்டை சோர்ஸ் கட்டளையால் ஓடவிட்டால் அது பிள்ளையாக இல்லாமல் இந்த ஷெல்லிலேயே ஓடும், மாற்றமும் நிலைத்திருக்கும். முழுப் பட்டியலையும் பார்க்க பிரின்ட்என்வ், ஒன்றை அழிக்க அன்செட்.

மிகக் கவனமாகத் தொட வேண்டியது பாத் என்ற மாறி. கட்டளைகளை எந்தெந்தக் கோப்புறைகளில் தேடுவது என்ற பட்டியல் அது. இடையில் முக்காற்புள்ளி. இடமிருந்து வலமாகத் தேடி, முதலில் அகப்படுவதை எடுக்கும். ஒரு நாள் ஒரு பிள்ளை, வீட்டுக் கோப்புறையில் உள்ள, ஷெல் திறக்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பில் பாத் சமன் என்று போட்டுத் தன் கோப்புறையை மட்டும் எழுதிவிட்டாள். புது டெர்மினலில் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை இல்லை, கோப்பைத் திருத்தும் நானோ என்ற நிரலும் இல்லை. கொம்பியூட்டரையே பழுதாக்கிவிட்டேன் என்று முகம் வாடிப்போனது. ஒன்றும் பழுதாகவில்லை. கோப்புறை மாற்றும் சிடி கட்டளையும் எக்கோவும் ஷெல்லுக்கு உள்ளேயே இருப்பவை, அவை அப்போதும் வேலை செய்தன. எக்ஸ்போர்ட் பாத் சமன், சாய்கோடு யுஎஸ்ஆர் சாய்கோடு பின், முக்காற்புள்ளி, சாய்கோடு பின் என்று அடித்ததும் மற்றவையும் வந்தன. பிறகு கோப்பைத் திறந்து, அவள் எழுதிய கோப்புறைக்குப் பின்னால் முக்காற்புள்ளியும் டாலர் பாத்தும் சேர்த்தோம். பழைய பெறுமதியைக் காப்பாற்றுவது அந்த டாலர் பாத்தான்.

நிலையாக இருக்கவேண்டிய மாறிகளை அதே பாஷ்ஆர்சியில் எழுதுங்கள். ஆப்பிள் மக் கொம்பியூட்டரில் இசட்எஸ்எச் என்ற ஷெல் என்றால் இசட்எஸ்எச்ஆர்சி கோப்பில். இரண்டு பெயருக்கும் முன்னால் ஒரு புள்ளி உண்டு. கடவுச்சொல்லை அங்கே வைக்காதீர்கள், எக்ஸ்போர்ட் செய்தது எதுவும் நீங்கள் ஓடவிடும் ஒவ்வொரு நிரலின் கைக்கும் போகும். கோப்பைச் சேமித்ததும் பழைய டெர்மினலை மூடாமல் புதிதாக ஒன்றைத் திறந்து எல்எஸ் அடித்துப் பாருங்கள். அது வேலை செய்தால் பழையதை மூடலாம்.