போன் தொலைந்தாலும் ஓடிபி தொலையக் கூடாது: சிம் லாக் முதல் பிட்லாக்கர் வரை

காட்பாடி ஸ்டேஷன் நெரிசலில் போனை அடித்துப் போகிறவனுக்கு உங்கள் ஸ்கிரீன் லாக் ஒரு பொருட்டே இல்லை. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அவனுக்கு வரும். அதனால் அடுக்கடுக்காகப் பூட்டு வேண்டும்.

முதலில் ஸ்கிரீன் லாக். பேட்டர்ன் வேண்டாம், பஸ்ஸில் பக்கத்து சீட்காரரே பார்த்து மனப்பாடம் செய்துவிடுவார். ஆறு இலக்க பின் வையுங்கள். லாக் ஸ்கிரீனில் மெசேஜ் தெரியாதபடி மறைத்துவிடுங்கள்.

அடுத்து சிம் லாக், அதாவது பின் அடித்தால்தான் சிம் வேலை செய்யும் பூட்டு. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ‘சிம் லாக்’ என்று தேடுங்கள். ஐபோனில் ‘சிம் பின்’. ஆன் செய்ததும் பின் கேட்கும். நாம் வைக்கவே இல்லையே என்று குழம்ப வேண்டாம், அது கம்பெனி போட்டுக் கொடுத்த டீஃபால்ட் எண். குத்துமதிப்பாக 0000, 1234 என்று அடித்துப் பார்க்காதீர்கள். மூன்று முறை தவறினால், பூட்டிய சிம்மைத் திறக்கும் எட்டு இலக்க பியூகே எண் கேட்கும். அதையும் பத்து முறை தப்பாக அடித்தால் சிம் செத்தது. கஸ்டமர் கேரில் இரண்டு எண்ணையும் கேட்டு டைரியில் எழுதிக்கொண்டு, அப்புறம் கை வையுங்கள். டீஃபால்ட்டை மாற்றவும் மறக்காதீர்கள், அது ஊருக்கே தெரிந்த எண்.

(பிற்சேர்க்கை: சிம் லாக் போட்ட பிறகு, காலையில் ஒரு அழைப்பும் வரவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். இரவில் அப்டேட் ஆகி போன் ரீஸ்டார்ட் ஆகியிருக்கும். சிம் பின் அடிக்கும்வரை அழைப்பு வராது. தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டு, பகலில் நீங்களே போடுங்கள்.)

வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (ஓடிபியோடு நீங்கள் வைத்த பின்னையும் கேட்கும் பூட்டு) ஆன் செய்யுங்கள், ஒரு நிமிட வேலை. அதைவிட முக்கியம், வேலூர் சிஎம்சி மருத்துவமனை பக்கத்து ஜெராக்ஸ் கடைகள். ரிப்போர்ட், ஆதார் பிரிண்ட் எடுக்கக் கடை கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்துவிட்டு, காசு கொடுத்ததும் கிளம்பிவிடுகிறோம். நம் சாட் அங்கே திறந்தே கிடக்கும். கடையை விட்டு இறங்குமுன் ‘லிங்க்டு டிவைசஸ்’ போய் லாக் அவுட் கொடுங்கள். ஆதார் கொடுப்பதென்றால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதுமா என்று கேளுங்கள்.

பாஸ்வேர்டுகளைப் பத்திரமாகச் சேர்த்து வைக்கும் ஆப்களில் என் ஓட்டு பிட்வார்டனுக்கு. இலவசக் கணக்கே தாராளம்.

லேப்டாப்பில் லாகின் பாஸ்வேர்டை மட்டும் நம்பாதீர்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் ஃபைல் எல்லாம் திறக்கும். டிஸ்க்கையே பூட்டிவைக்கும் வசதி வேண்டும்: விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர், ஹோமில் டிவைஸ் என்கிரிப்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பூட்டைத் திறக்கும் மாற்றுச் சாவியான 48 இலக்க ரெக்கவரி கீயை பிரிண்ட் எடுத்து பீரோவில் வையுங்கள். பயாஸ் (லேப்டாப்பைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகு சில சமயம் அதைக் கேட்கும். அந்தத் தாளை மட்டும் ஜெராக்ஸ் கடையில் எடுக்காதீர்கள்.