நுரையீரல் நோயாளியின் மனச்சோர்வு: எங்கே தவறு நடக்கிறது?

சிஓபிடி போன்ற நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர் எப்போதும் களைப்பாக இருக்கிறார், சரியாகத் தூங்குவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை. எல்லாப் பழியையும் நுரையீரல் மேல் போட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இந்த மூன்றும் மனச்சோர்விலும் வரும். இவற்றை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடியவற்றைக் கவனியுங்கள். பாட்டுக் கேட்பது, பேரக்குழந்தையோடு போனில் பேசுவது, இவைகூட வேண்டாம் என்கிறாரா? அதற்கு மூச்சிரைப்பை மட்டும் காரணம் சொல்ல முடியாது. “நான் எல்லாருக்கும் பாரம்” என்ற பேச்சும், புகைபிடித்தவர்களிடம் வரும் “நானாகத் தேடிக்கொண்டதுதானே” என்ற குற்றவுணர்வும் அப்படித்தான். இது 2 வாரமாகப் பெரும்பாலான நாட்களில் தொடர்ந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் பட்டியலில் 27க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுமையான மதிப்பீடு தேவை.

தலைகீழ்த் தவறும் உண்டு. காலையில் தலைவலி, பகலெல்லாம் தூங்கி வழிதல், பேச்சில் குழப்பம் என்றால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கலாம். அதை ‘மனசு சரியில்லை’ என்று விட்டுவிடுவது ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இதைக் காட்டாது. ரத்த வாயுப் பரிசோதனைதான் காட்டும்.

மருந்துச் சீட்டைப் பார்க்காமல் விடுவது இன்னொன்று. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, குறிப்பாக நாளைக்கு 40 மி.கி.க்கு மேல் போகும்போது, எரிச்சல், தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றைக் கொண்டுவரலாம். மூச்சு நோய்களுக்குத் தரும் ரோஃப்லுமிலாஸ்டும் மான்டெலுகாஸ்டும் மனநிலையைப் பாதிக்கக்கூடியவை. மாற்றம் எந்த மருந்து தொடங்கிய பின் வந்தது என்று தேதியோடு குறித்துக்கொண்டு போங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பல வாரம் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென விடுவது தனி ஆபத்து.

தூக்கம் வரவில்லை என்று வீட்டில் இருக்கும் அல்பிரசோலாம், டயசிபாம் மாத்திரையைக் கொடுப்பதுதான் எங்கள் பார்வையில் மிக மோசமான தவறு. அவை மூச்சுவிடும் உந்துதலையே மந்தமாக்கும். கார்பன் டை ஆக்சைடு தேங்குபவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. மனச்சோர்வு மருந்துகள் வேறு வகை. செர்ட்ராலின் போன்றவை வேலைசெய்யத் தொடங்கவே 2 முதல் 4 வாரம் ஆகும். பத்தாவது நாள் ‘பலனில்லை’ என்று நிறுத்துவதும், தெளிந்தவுடன் நிறுத்துவதும் நோயைத் திரும்ப அழைக்கும். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்வதே வழக்கம். மனச்சோர்வு மருந்தான எஸ்சிடலோபிராமும் ஆன்டிபயாடிக்கான அசித்ரோமைசினும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். இன்னொரு மனச்சோர்வு மருந்தான ஃப்ளுவாக்சமின், மூச்சுக்குழாயை விரிக்கும் தியோஃபிலின் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். ஆகவே எல்லா மருந்துகளையும் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

“பேசாமல் படுத்திருங்கள்” என்பது அன்பான அறிவுரைதான், ஆனால் கெடுதல். அசையாத கால் தசை மெலியும். மெலிந்த தசை சிறு நடைக்கே மூச்சு வாங்க வைக்கும். அந்தப் பயத்தில் வெளியே போவதும் நிற்கும். 6 முதல் 8 வாரம் நடக்கும் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி மூச்சையும் மனத்தையும் சேர்த்தே மீட்கிறது. மூச்சுமுட்டிப் பதறும்போது வேகமாக இழுத்தால் உள்ளே காற்று இன்னும் அடைபடும். மூக்கால் 2 எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து 4 எண்ணும்வரை விட வேண்டும். சிறு மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டாலும் தணியும்.

“இருந்து என்ன பயன்” என்று சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், மாத்திரைகளை எடுத்து வைத்துவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.