முதல் வேட்டை ரைஃபிள்: உதை குறைவு என்று நம்பி வாங்கும்போது எங்கே தவறுகிறது

புதிதாகச் சுடப் பழகுகிறவர் ஐந்தாறு தோட்டாவுக்குள் ஒரு கெட்ட பழக்கத்தைப் பிடித்துக்கொள்ள முடியும். விசையை முழுதாக இழுப்பதற்குச் சற்று முன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் முன்னால் தள்ளும், குழல்முனை தாழும். சத்தமும், துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிக்கும் உதையும் வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே பதறுகிறது, அவ்வளவுதான். காகிதக் குறியில் இது மையத்துக்கு நாலு அங்குலம் கீழே விழுந்த ஓட்டை. மானில் இது உடைந்த கால், அல்லது கிழிந்த குடல். அடிபட்ட அந்த உயிர் மணிக்கணக்கில் புதருக்குள் கிடந்து துடிக்கும். முதல் ரைஃபிளுக்கு உதை குறைந்த தோட்டா வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

ஆனால் அந்த அறிவுரையைக் கேட்டு நடந்தவர்களும் பல இடங்களில் சறுக்குகிறார்கள். வேட்டை சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாட்டில், உரிமமும் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்து, மான் அளவுள்ள விலங்குக்காக முதல் ரைஃபிள் தேடுகிறவரை மனதில் வைத்து எழுதியது இது.

தோட்டாவின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்வது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ".243 வின்செஸ்டர் மெதுவாக உதைக்கும், .308 பலமாக உதைக்கும்" என்று சொல்வது பாதிக் கணக்கு. மீதிப் பாதி துப்பாக்கியின் எடையில் இருக்கிறது. குண்டும் (தோட்டாவிலிருந்து பிரிந்து பறக்கும் உலோகத் துண்டு) வெடிமருந்தும் முன்னால் கொண்டுபோகிற உந்தம் எவ்வளவோ, அதே உந்தத்தோடு துப்பாக்கி பின்னால் வரும். அதனால் ஒரே தோட்டாவுக்கு, துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதையின் ஆற்றல் அதே விகிதத்தில் ஏறும். எட்டு பவுண்டிலிருந்து ஆறு பவுண்டுக்கு இறங்கினால் உதை சரியாக மூன்றில் ஒரு பங்கு கூடும்.

ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து 8 பவுண்டு, அதாவது சுமார் 3.6 கிலோ எடையுள்ள ரைஃபிளில், வழக்கமான தொழிற்சாலைத் தோட்டாக்களின் உதை தோராயமாக இப்படி வரும் (கிரெயின் என்பது குண்டின் எடை அளவு, அடி-பவுண்டு என்பது ஆற்றலின் அளவு): 100 கிரெயின் குண்டு போட்ட .243 வின்செஸ்டர் 9 முதல் 10 அடி-பவுண்டு. 140 கிரெயின் 6.5 கிரீட்மோர் 13, 140 கிரெயின் 7 எம்எம்-08 ரெமிங்டன் 14, 150 கிரெயின் .308 வின்செஸ்டர் 16, 180 கிரெயின் .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு 22; .300 வின்செஸ்டர் மேக்னம் 30. பதினைந்துக்குள் இருந்தால் பெரும்பாலானவர்கள் பதறாமல் பழக முடியும். இருபதைத் தாண்டினால் புதியவர்களில் பலருக்குக் கஷ்டம்.

இப்போது அதே 6.5 கிரீட்மோரை, மலையேற்றத்துக்கென்று இளைத்துச் செய்த 6 பவுண்டு ரைஃபிளில் போட்டுப் பாருங்கள். உதை 17-க்கு ஏறுகிறது. எட்டு பவுண்டு .308-ஐவிட அதிகம்! கடையில் கையில் தூக்கிப் பார்க்கும்போது இந்த இலேசு பெரிய சுகமாகத் தெரியும். சுடும் தளத்தில் பத்தாவது தோட்டாவில்தான் அதன் விலை தெரியும்.

இளையோர் மாடல்களிலும் இதே பொறிதான். சின்ன உடம்புக்காகக் குழலையும், தோளில் வைக்கும் பின்பகுதியான கட்டையையும் குறுக்கியதில் எடையும் குறைந்துவிடுகிறது. ஆறு பவுண்டு இளையோர் ரைஃபிளில் .308 போட்டால், பெரியவர் ஒருவர் எட்டு பவுண்டு .30-06-இல் வாங்கும் அதே உதையை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை வாங்குகிறது. கட்டை குட்டையாக இருக்கட்டும், எடை குறைய வேண்டாம். கட்டைக்குள் எடை சேர்க்க இடம் இருந்தால் அரை பவுண்டு சேர்ப்பது நல்லது, பின்னால் எடுத்துவிடலாம். இன்னொன்று: விற்பனைக் குறிப்பில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் ஸ்கோப் இல்லாத எடை. ஸ்கோப்பும் அதன் வளையங்களும் சேர்ந்து ஒரு பவுண்டு அல்லது சற்று அதிகம் கூட்டும். கணக்குப் போடும்போது இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் எதை அனுமதிக்கிறது என்று பார்க்காமல் வாங்குவது

உதை எதில் குறைவு என்று தேடிக்கொண்டே போனால் .223 ரெமிங்டனில் போய் நிற்போம். உதை அதில் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் மானுக்கு அது சில இடங்களில் சட்டப்படி செல்லாது. இங்கிலாந்தில் சிவப்பு மான், ஃபாலோ மான் போன்றவற்றுக்குக் குண்டின் விட்டம் குறைந்தது .240 அங்குலமும், குழல்முனை ஆற்றல் 1,700 அடி-பவுண்டும் வேண்டும். ஸ்வீடனில் மூஸ் என்னும் மிகப் பெரிய மானுக்கு எடையும் ஆற்றலும் சேர்ந்த விதி: குண்டு 9 கிராமுக்குக் குறையக்கூடாது, 9 கிராம் குண்டானால் 100 மீட்டரில் 2,700 ஜூல் இருக்க வேண்டும். இந்த விதியில் .243-இன் 100 கிரெயின் குண்டு நிற்காது, அது ஆறரை கிராம்தான். 1894-இல் பிறந்த 6.5×55 தோட்டாவோ 140 கிரெயின், அதாவது 9 கிராமுக்குச் சற்று மேற்பட்ட குண்டோடு அங்கே தலைமுறை தலைமுறையாக மூஸ் வேட்டைக்குப் போய்வருகிறது. உங்கள் பகுதியின் விதியையும், எந்த விலங்குக்கு என்பதையும் எழுதி வைத்துக்கொண்டு பிறகு கடைக்குப் போங்கள்.

சட்டம் விட்டாலும் புதியவருக்கு .223 மானுக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. குறி இரண்டு அங்குலம் விலகினால் ஈடுகட்ட அதில் இடமே இல்லை.

.243-ஐ வாங்கிவிட்டு குண்டைக் கவனிக்காமல் விடுவது

1955-இல் வந்த .243 வின்செஸ்டர் நல்ல தோட்டா, மெலிந்த உடம்புக்காரருக்கு இன்றும் முதல் தேர்வு. சிக்கல் அதன் குண்டு வகைகளில். அலமாரியில் 55, 58, 75 கிரெயின் பெட்டிகளும் 95, 100 கிரெயின் பெட்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முதல் வகை நரி, முயல் போன்ற சிறு விலங்குக்கானது. பட்ட உடனே சிதறும்படி மெல்லிய உறையோடு செய்தது. மானின் தோள் எலும்பில் பட்டால் மேலோட்டமான பெரிய காயம் ஆகும், நெஞ்சுக்குள் போகாது. "வேகம் அதிகம், உதை இன்னும் குறைவு" என்று அதை வாங்குகிறவர்கள் உண்டு. மானுக்கு 95 அல்லது 100 கிரெயின், உறை உரியாத கட்டமைப்புள்ள குண்டு; அல்லது மான் அளவு விலங்குக்கென்றே செய்த, 80 கிரெயினுக்குக் குறையாத முழுச் செம்புக் குண்டு. அவ்வளவுதான்.

ஈயம் தடைசெய்யப்பட்ட இடங்களில் செம்பு கட்டாயம். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்தும், டென்மார்க்கில் 2024 ஏப்ரலிலிருந்தும் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது. செம்பு ஈயத்தைவிட இலேசான உலோகம், ஆகவே அதே எடைக் குண்டு நீளமாக இருக்கும். நீளமான குண்டு நிலையாகப் பறக்க, குழலின் உள்முறுக்கு, அதாவது குண்டைச் சுழலவைக்க உட்சுவரில் வெட்டிய சுருள் பள்ளம், வேகமாக இருக்க வேண்டும். .243-இல் பழைய வழக்கம் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான செம்புக் குண்டு சிலவற்றுக்கு அது போதாது. குழலில் எழுதியிருக்கும் முறுக்கையும், தோட்டாப் பெட்டியில் சொல்லியிருக்கும் குறைந்தபட்ச முறுக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை. 6.5 கிரீட்மோரில் இந்தக் கவலை அநேகமாக இல்லை, வழக்கமாகவே 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான்.

எதை எடுப்பது என்று நேராகக் கேட்டால்: பெரும்பாலானவர்களுக்கு 6.5 கிரீட்மோர் அல்லது 7 எம்எம்-08, ஸ்கோப்போடு ஏழரை முதல் எட்டு பவுண்டு வருகிற போல்ட் ஆக்‌ஷன் (ஒவ்வொரு தடவையும் கையால் தாழ்ப்பை இழுத்துத் தோட்டா ஏற்றும்) ரைஃபிள், 22 அங்குலக் குழல். இவற்றில் உங்கள் ஊர்க் கடையில் வருடம் முழுக்கத் தோட்டா கிடைப்பது எதுவோ அதுவே சிறந்தது. தோட்டா கிடைக்காத ரைஃபிளில் பயிற்சி நடக்காது. ஏற்கெனவே வீட்டில் .308 இருக்கிறதா? அதை விற்க வேண்டாம். உதை குறைத்துத் தயாரித்த தோட்டாக்கள் அதற்கு வருகின்றன. ஆனால் குண்டு விழும் இடம் மாறும், எட்டும் தூரமும் குறையும். அந்தத் தோட்டாவுக்கென்று தனியாகக் குறி சரிசெய்தாக வேண்டும்.

கட்டை உடம்புக்குப் பொருந்தாமல் இருப்பது

எடைக்கு அடுத்தபடி உதையைக் கூட்டுவதும் குறைப்பதும் கட்டைதான். விசையிலிருந்து அடிக்கட்டை (கட்டையின் தோளில் படும் முனை) வரை உள்ள நீளம் பெரியவர்களுக்கான ரைஃபிளில் சாதாரணமாக பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். சிறிய உடம்புக்கு அது நீளம். கட்டை நீளமானால் ஆள் பின்னால் சாய்ந்து நிற்பார், அடிக்கட்டை தோள்குழியில் அமராமல் கை மூட்டின் மேலே வழுக்கும், உதை முழுவதும் எலும்பில் இறங்கும்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. துப்பாக்கி காலி என்று தோட்டா அறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதிசெய்யுங்கள். முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, அடிக்கட்டையை முழங்கையின் உள்மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு விசையைத் தொட வேண்டும். விரல் நுனிகூட எட்டவில்லை என்றால் கட்டை நீளம். வேட்டைக்குப் போடப்போகிற கனமான மேலுடையோடு இதைச் செய்யுங்கள், துணியே அரை அங்குலம் தின்னும். தகடுகள் சேர்த்து நீளத்தை மாற்றக்கூடிய கட்டை வளரும் பிள்ளைகளுக்கு மிகவும் உதவும்.

கண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரு கைகளாலும் ஒரு சின்ன முக்கோணம் அமைத்து, இரு கண்களும் திறந்தபடி தூரத்துப் பொருள் ஒன்றை அதற்குள் கொண்டுவாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் முக்கோணத்துக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் ஆதிக்கக் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆதிக்கம் இருந்தால், ரைஃபிள் வாங்கும் முன்பே பயிற்சியாளரிடம் பேசி, இடத்தோளில் சுடப் பழகுவதா என்று முடிவு செய்வது நல்லது.

ஸ்கோப் புருவத்தை வெட்டுவது

உதை குறைந்த ரைஃபிளிலும் நெற்றியில் இரத்தம் வரும், ஸ்கோப்பைப் பின்னால் தள்ளி மாட்டியிருந்தால். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே குறைந்தது மூன்றரை அங்குலம் இடைவெளி தருகிற ஸ்கோப் வேண்டும். உருப்பெருக்கம் கூடினால் பல ஸ்கோப்புகளில் இந்த இடைவெளி சுருங்கும், அதனால் மாட்டும்போது உச்ச உருப்பெருக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு காலி ரைஃபிளைத் தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறந்தால் முழு வட்டமும் கறுப்பு நிழல் இல்லாமல் தெரிய வேண்டும். தலையை முன்னே நீட்டித் தேட வேண்டியிருந்தால் ஸ்கோப்பை நகர்த்துங்கள், கழுத்தை நகர்த்தாதீர்கள்.

3-9×40 ஸ்கோப் (மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மி.மீ.) போதும். 6-24 போன்றவை கனம், பார்வைப் புலமும் குறுகல். பக்கத்தில் நிற்கிற மானையே தேட வேண்டிவரும்.

உதைக்குப் பயந்து சத்தத்தை வாங்குவது

குழல்முனையில் மாட்டும் பிரேக் உதையை நிச்சயம் குறைக்கும். வெடிவாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பிவிட்டுத்தான் குறைக்கிறது, அந்தச் சத்தம் சுடுகிறவர் காதுக்கும் பக்கத்தில் நிற்கிறவர் காதுக்கும் வரும். 140 டெசிபலுக்கு மேற்பட்ட வெடிச்சத்தம் ஒரே தடவையில் காதைக் கெடுக்க முடியும். பிரேக் இல்லாத வேட்டை ரைஃபிளே அந்த எல்லையைத் தாண்டுவது. பதறலுக்குச் சத்தமும் சமபங்கு காரணம் என்பதைப் பலர் மறக்கிறார்கள். 10 அடி-பவுண்டு .243-க்குப் பிரேக் மாட்டினால், தோளுக்கு மிச்சம் பிடித்ததைக் காதில் கொடுக்கிறோம். சட்டம் அனுமதிக்கும் நாட்டில் சத்தம் தணிப்பான் இதைவிட எவ்வளவோ மேல், அது உதையையும் சேர்த்துக் குறைக்கும். எதுவானாலும் பயிற்சித் தளத்தில் காதடைப்பானும் அதன் மேல் காதுமூடியும் சேர்த்துப் போடுங்கள்.

தோட்டாவைக் கலப்பது

.223-உம் .300 பிளாக்அவுட்டும் ஒரே குடும்பத்துப் பித்தளைக் கூடு. .300 பிளாக்அவுட் தோட்டா .223 அறைக்குள் சில சமயம் நுழைந்து வெடித்து, துப்பாக்கியையே பிளந்துவிடும். .243, 7 எம்எம்-08, .308 மூன்றும் பார்வைக்கு அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு வகைத் தோட்டா மட்டும். ஒவ்வொன்றின் அடித்தகட்டிலும் பொறித்திருப்பதைக் குழலில் உள்ள எழுத்தோடு படித்துப் பார்த்துப் போடுங்கள்.

முதல் நாளே நாற்பது தோட்டா சுடுவது

மேசையில் உட்கார்ந்து சுடும்போது உடம்பு பின்னால் அசைந்து கொடுக்க இடமில்லை, அதே உதை கூடுதலாகத் தெரியும். ஆகவே மேசையில் குறி சரிசெய்யும் வேலை மட்டும், ஒரு நாளைக்கு 15 முதல் 20 தோட்டா. மற்றப் பயிற்சி, உதை மிகக் குறைந்த சிறு தோட்டாவான .22 ரிம்ஃபயரில்.

குறியை 25 கெஜத்தில் தொடங்குங்கள். ஒரு கிளிக்குக்கு 100 கெஜத்தில் கால் அங்குலம் நகரும் ஸ்கோப், 25 கெஜத்தில் கிளிக்குக்கு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குதான் நகரும். இரண்டு அங்குலம் கீழே பட்டால் எட்டு கிளிக் அல்ல, 32 கிளிக் மேலே. இந்தக் கணக்கு தெரியாமல், திருப்பியும் நகரவில்லை என்று பாதிப் பெட்டியைத் தீர்ப்பவர்கள் அநேகம். 25-இல் சரியானதும் 100-க்குப் போங்கள், வேட்டைக்கு எடுத்துப்போகப்போகிற அதே தோட்டாவோடு.

பிறகு கூட ஒருவரை வைத்துக்கொண்டு, உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத டம்மி தோட்டாவைச் சொல்லாமல் கலந்து போடச் சொல்லுங்கள். டம்மி விழும்போது குழல்முனை அசையாமல் நின்றால் கை பழகிவிட்டது. முனை குத்தித் தாழ்ந்தால் பதறல் வந்துவிட்டது. அன்றைக்கு மேலே சுடாமல், காலித் துப்பாக்கியில் விசை இழுத்துப் பழகுங்கள். மறுபடி டம்மியில் முனை அசையாமல் நிற்கிற வரைக்கும் அந்த ரைஃபிளை மானை நோக்கித் தூக்க வேண்டாம்.