பிள்ளையோடு ஒரே படகில்: மீன்பிடிப் போட்டிக்கு இருவர் அணியாகத் தயாராவது

இருவர் அணியாக இறங்கும் பாஸ் (தூண்டிலில் பிடிக்கும் ஒரு நன்னீர் மீன்) போட்டிகளில் வழக்கமான கணக்கு இதுதான்: நேரம் முடிவதற்குள் உயிரோடு கொண்டுவரும் 5 மீன்களின் மொத்த எடை. அப்பாவும் மகளும், தாத்தாவும் பேரனும் சேர்ந்து போகும் படகுகளில் எடை குறைவதற்கு மீன் கிடைக்காதது மட்டும் காரணமல்ல. மாட்டிய மீன் படகு ஓரத்தில் கழன்றுவிடும், பிடித்த மீனை உயிரோடு வைக்கும் படகுத் தொட்டியில் கிடந்த மீன் செத்துப்போகும், கரைக்குத் திரும்ப நேரமாகிவிடும். யாருக்கு எந்த வேலை என்று முன்கூட்டியே பிரித்துக்கொண்டால் இந்த மூன்றையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

முதலில் விதித்தாளை இருவரும் சேர்ந்து படியுங்கள். சில சிறுவர் போட்டிகளில் பெரியவர் படகை மட்டும் ஓட்டலாம், தூண்டில் போடக்கூடாது. சில போட்டிகளில் கைவலைக்குத் தடை உண்டு. குறைந்தபட்ச நீளம் எவ்வளவு, அதை வால் விரிந்த நிலையில் அளப்பதா, ஒடுக்கிப் பிடித்து அளப்பதா என்பதும் ஊருக்கு ஊர் மாறும். அளவில் அரை சென்டிமீட்டர் குறைந்த மீனை எடைமேடைக்குக் கொண்டுபோனால் அந்த மீனோடு போகாது, தண்டனை எடையும் சேரும்.

பிள்ளைக்குப் பெரியவரின் ராடைக் (தூண்டில் கோலை) கொடுக்காதீர்கள். கை சோர்ந்ததும் ராடு நுனி தாழும், தூண்டில் நரம்பு தொய்யும், மீன் தலையை உதறி முள்ளைக் கழற்றிவிடும். எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கு ஐந்தடி, ஐந்தரை அடி நீள இலகு ராடும் 2000 அளவு ஸ்பின்னிங் ரீலும் சரியாக இருக்கும். நரம்பு 8 பவுண்டு தாங்கும் தங்கூஸ் (ஒற்றை இழை நைலான்) போதும். நீளாத பின்னல் நரம்பை விட, கொஞ்சம் நீண்டு கொடுக்கும் தங்கூஸ் பிள்ளையின் அவசர இழுப்பை மன்னிக்கும். ரீலின் உருளையில் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிற்கும் அளவுக்கு மட்டும் நரம்பைச் சுற்றுங்கள். நிறையச் சுற்றினால் வீசும்போது வளையம் வளையமாகக் கொட்டிச் சிக்காகும். வீசி முடித்ததும் ரீலில் நரம்பை உருளைக்கு வழிநடத்தும் வளைந்த கம்பியைக் கையால் மூடி, நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்கிவிட்டுத்தான் சுற்றத் தொடங்க வேண்டும். கைப்பிடியைத் திருப்பியே கம்பியை மூடும் பழக்கம்தான் பாதிச் சிக்குக்குக் காரணம்.

டிராக் என்பது மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை நழுவவிடும் ரீலின் பிடிமானம். அதை விரலால் இழுத்துப் பார்த்துக் குத்துமதிப்பாக வைப்பது கூடாது. முள்ளில் கையடக்கத் தராசை மாட்டி இழுங்கள். நரம்பின் தாங்குதிறனில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் டிராக் நழுவத் தொடங்க வேண்டும். 8 பவுண்டு நரம்புக்கு இது ஏறத்தாழ 1 கிலோ.

முடிச்சு ஒன்று போதும், அது பலோமர். நரம்பை 15 செ.மீ. இரட்டையாக மடித்து முள்ளின் கண்ணில் நுழைத்து, மடிப்போடு ஒரு சாதாரண முடிச்சு தளர்வாகப் போடுங்கள். மிஞ்சும் வளையத்துக்குள் முழு முள்ளையும் நுழைத்து, எச்சிலோ தண்ணீரோ தொட்டு நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். உலர்ந்த நரம்பை விருட்டென்று இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு சுருண்டு அந்த இடத்திலேயே பலம் குறையும். இறுகிய பிறகு வளையம் முள்ளின் கண் மேலேயே உட்கார்ந்திருந்தால் அறுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள். இந்த முடிச்சைப் பிள்ளை வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு கட்டும் வரை பழகட்டும். போட்டி நாளில் அறுந்த முள்ளை நீங்களே கட்டித் தந்துகொண்டிருந்தால் படகில் ஒரு தூண்டில்தான் வேலை செய்யும்.

பாதுகாப்பில் ஒரு சோதனை: உயிர்காப்பு அங்கியைப் போட்டுக் கட்டிய பின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். அங்கி காது வரை ஏறினால் அளவு பெரிது. மும்முள் மாட்டிய செயற்கை இரைகளைப் பிள்ளையின் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டு ஒற்றை முள் போடுங்கள். முள்முனையில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்க்கொக்கியையும் குறடால் நசுக்கிவிட்டால் விரலில் ஏறினாலும் அப்படியே பின்னுக்கு இழுத்து எடுத்துவிடலாம். இருவருக்கும் கண்ணாடி கட்டாயம். படகை ஒரு கடிகார முகமாக நினைத்து, முன்னால் நிற்பவர் 10 முதல் 2 மணிப் பக்கமும் பின்னால் நிற்பவர் 4 முதல் 8 மணிப் பக்கமும் மட்டும் வீசுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி நாளில் எல்லா மீனையும் பிடித்துத் தீர்த்துவிடாதீர்கள். முள்முனையை ரப்பர் குழாயால் மூடிவிட்டு வீசினால் மீன் கவ்வுவது கையில் தெரியும், மாட்டாது. கவ்விய இடத்தின் ஆழம், தண்ணீரின் வெப்பம், பாசியா பாறையா என்பதைப் பிள்ளை நோட்டில் எழுதட்டும். எழுதுகிற பிள்ளைக்கு அடுத்த இடம் எது என்று சொல்லும் உரிமையும் வரும். அந்த உரிமையைக் கொடுத்துவிடுங்கள், அது சொல்லும் இடத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள்.

மீன் மாட்டியதும் பிடித்தவர் உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் தன் நரம்பை முழுக்கச் சுற்றிவிட்டுக் கைவலையை எடுக்க வேண்டும். மீன் துள்ள எழும்பினால் ராடு நுனியைத் தண்ணீர்ப் பக்கம் தாழ்த்துங்கள். வலையை மீனைத் துரத்தி வீசக்கூடாது. அது தண்ணீருக்குள் அசையாமல் இருக்கட்டும், மீனின் தலை முதலில் அதற்குள் வரும்படி ராடு பிடித்தவர் இழுத்து வர வேண்டும். வால் பக்கமாக வலை பட்டால் மீன் கடைசி ஓட்டம் ஓடும். கழன்றுபோவது பெரும்பாலும் அப்போதுதான்.

அடுத்தது தொட்டி. பலர் கோட்டை விடுவது இங்கேதான். அமெரிக்காவில் பாஸ் போட்டிகளைப் பிரபலமாக்கிய ரே ஸ்காட் 1967இல் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் தன் முதல் பெரிய போட்டியை நடத்தினார். 1972 முதல் மீனைச் சாகவிடாமல் திருப்பி விடுவது அவருடைய போட்டிகளில் வழக்கமாக வேரூன்றியது. செத்த மீனுக்கு எடை கழிப்பது இன்று பரவலான விதி. 80 லிட்டர் தொட்டியில் 10 கிலோ மீனுக்கு மேல் வேண்டாம். தண்ணீர் 27 டிகிரியைத் தாண்டினால் பம்பை நிறுத்தி நிறுத்தி ஓட்டாமல் தொடர்ந்து ஓட விடுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், மீனுக்கோ அப்போதுதான் அதிகம் தேவை. 2 லிட்டர் பாட்டிலில் உறைய வைத்த ஐஸ் ஒன்றை மூடியோடு போட்டால் 80 லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 2 டிகிரி குளிரும். ஏரித் தண்ணீரை விட 4 டிகிரிக்கு மேல் குளிர்விக்காதீர்கள், திரும்ப விடும்போது மீன் அதிர்ச்சியில் சாகும். குழாய்த் தண்ணீர் ஐஸை உடைத்துப் போட்டால் அதிலுள்ள குளோரின் செவுளைச் சுடும், அதனால்தான் மூடிய பாட்டில். லிட்டருக்கு 3 கிராம் வீதம் அயோடின் சேர்க்காத உப்பு, அதாவது இந்தத் தொட்டிக்கு 240 கிராம், கரைத்துவிடுங்கள். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றி, பாதி உப்பை மறுபடி சேர்க்க வேண்டும். மீன் வெளியேற்றும் அம்மோனியா வேறு வழியில் போகாது. இந்த வேலையையும் கடிகாரத்தையும் பிள்ளையிடம் ஒப்படையுங்கள்.

மீனைத் தொடுமுன் கையை நனையுங்கள். பெரிய மீனைக் கீழ்த்தாடையில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றுக்கு அடியில் மறுகை கொடுங்கள். வெயிலில் கொதிக்கும் படகுத் தரையில் ஒரு நொடிகூடப் போடக்கூடாது. ஒன்பது மீட்டருக்குக் கீழிருந்து வந்த மீன் தொட்டியில் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தால் காற்றுப்பை உப்பியிருக்கிறது என்று அர்த்தம். ஊசி குத்திக் காற்றை இறக்குவது பழகியவர் செய்ய வேண்டிய வேலை. தெரியாதவர் ஆழமான இடத்தில் மீன் பிடிக்காமல் இருப்பதே நல்லது.

திரும்பும் நேரத்தை விதித்தாளில் உள்ளதற்கு 15 நிமிடம் முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒரு பவுண்டு கழிக்கும் போட்டிகள் உண்டு. எடைப் பையைத் தொட்டித் தண்ணீரால் பாதி நிரப்பி, வரிசை நகர்ந்து உங்கள் முறை நெருங்கிய பிறகே மீனைப் பையில் மாற்றுங்கள். பைக்குள் இரண்டு நிமிடத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள், அந்தச் சிறிய தண்ணீரில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். மேடைக்குப் பையைத் தூக்குவது பெரியவர், மீனைக் காட்டுவது பிள்ளை.

வீட்டுக்கு வந்ததும் நரம்பின் கடைசி இரண்டு மீட்டரை விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு இருந்தால் வெட்டி எறியுங்கள். டிராக் திருகைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் வளையங்கள் நசுங்கி, அடுத்த முறை நரம்பு விட்டு விட்டுத்தான் நழுவும்.