புல்தரைக்கு மருந்து அடிக்கும் முன் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

ஊட்டி, குன்னூர் பக்கம் காட்டேஜ் கட்டுகிற எல்லோருக்கும் வாசலில் பச்சைப் புல்தரை வேண்டும். மழை பிடித்துச் சில வாரத்தில் அதில் காய்ந்த திட்டுகள் விழும், உடனே பூஞ்சை மருந்து வாங்கக் கடைக்கு ஓட்டம். நானும் ஒரு காலத்தில் ஓடியவன்தான். அந்த அவசரத்தில் நடக்கிற தவறுகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். கையுறை, முகமூடி பற்றியெல்லாம் டப்பாவிலேயே போட்டிருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

உறைபனிக் கருகலுக்கு மருந்து

டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் மாதிரி பள்ளமான இடங்களில் உறைபனியில் புல் கருகும். பள்ளம் முழுக்க ஒரே சீராக வைக்கோல் நிறம், சில சமயம் விடியலில் நடந்தவரின் காலடித்தடம்கூட அப்படியே காய்ந்து நிற்கும். இதற்கு எந்தப் பூஞ்சைக்கொல்லியும் உதவாது.

பெயரை மாற்றிவிட்டு மருந்தை மாற்றியதாக நினைப்பது

இதைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. குன்னூரில் ஒரு பங்களா, நன்றாகக் குட்டையாக வெட்டிப் பராமரித்த புல். உள்ளங்கையைவிடச் சின்ன வெளிறிய வட்டங்கள், இலையில் செம்பழுப்பு ஓரம் போட்ட புள்ளி, காலைப் பனித்துளியோடு பார்த்தால் சிலந்திவலை மாதிரி வெள்ளை நூல். டாலர் ஸ்பாட் என்கிற பூஞ்சை நோய், சந்தேகமே இல்லை. தோட்டம் பார்க்கிற தம்பி, "அண்ணே, மூணு மருந்து மாத்திட்டேன், ஒண்ணுக்கும் கேட்கல" என்று பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். முதலில் கார்பென்டாசிம். அடுத்தது அதைவிட விலை கூடிய தையோபனேட் மெத்தில். மூன்றாவது கார்பென்டாசிமும் மான்கோசெப்பும் கலந்த பொடி.

தையோபனேட் மெத்தில் செடிக்குள் போனதும் கார்பென்டாசிமாகத்தான் மாறுகிறது. ஆக, தம்பி காசைக் கூட்டிக் கொடுத்து அதே மருந்தைத்தான் திரும்ப அடித்திருக்கிறார். இந்த வகை மருந்து பூஞ்சையின் செல்லில் ஒரே ஓர் இடத்தைத்தான் தாக்கும், அந்த இடம் கொஞ்சம் மாறிய பூஞ்சை பிழைத்துக்கொள்ளும், நாம் திரும்பத் திரும்ப அடிக்க அடிக்க மற்றது செத்து அது மட்டும் பெருகும். டாலர் ஸ்பாட் இந்த வகைக்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்டது பல நாடுகளின் கோல்ஃப் மைதானங்களில் எப்போதோ பார்த்தாகிவிட்டது. மூன்றாவது பாக்கெட்டில் வேலை செய்யக்கூடியது மான்கோசெப் மட்டும். அதுவும் இலைக்கு மேலே படிந்து நிற்கிற மருந்து, உள்ளே போகாது, நம் ஊர் மழைக்கு எத்தனை நாள் நிற்கும்?

கடையில் பிராண்டு பெயரைக் கேட்காதீர்கள், பாக்கெட்டைத் திருப்பி உள்ளே என்ன மருந்து என்று படியுங்கள். புரோபிகோனசோல், டெபுகோனசோல், ஹெக்சகோனசோல் மூன்றும் ஒரே குடும்பம், அதற்குள் மாற்றுவதும் மாற்றம் இல்லை. அசாக்சிஸ்ட்ரோபின், டிரைஃப்ளாக்சிஸ்ட்ரோபின் இன்னொரு குடும்பம், ஆனால் டாலர் ஸ்பாட் இவற்றுக்கு அவ்வளவாகக் கேட்காது. ஒரு குடும்பத்தை அடித்தால் அடுத்த முறை வேறு குடும்பம், அவ்வளவுதான் கணக்கு.

அப்புறம் அந்தப் பங்களாவில் இன்னொன்றும் இருந்தது. மழைக்காலம் முழுக்கப் புல்லுக்கு உரமே போடவில்லை. பட்டினி கிடக்கிற புல்லில்தான் டாலர் ஸ்பாட் அதிகம். கொஞ்சம் தழைச்சத்து கொடுத்து, விடிந்ததும் நீளக் கயிற்றை இருவர் பிடித்துப் புல்மேல் இழுத்துப் பனித்துளியைத் தட்டிவிடச் சொன்னேன். மருந்தை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன், தம்பிக்கு அது பிடிக்கவில்லை. (அதற்காகப் பழுப்புத் திட்டு நோய்க்கும் யூரியாவை அள்ளிப் போட்டுவிடாதீர்கள், அங்கே தழைச்சத்து கூடினால் நோயும் கூடும்.)

சாயங்காலத் தண்ணீர்

விடியலில் விடுங்கள். ராத்திரி முழுக்க இலை நனைந்து கிடக்க வேண்டாம்.

தேயிலைக்கு அடிக்கிறதைப் புல்லுக்கும் அடிப்பது

கொப்புள நோய்க்கு வாங்கிய காப்பர் மிச்சம் இருக்கிறது என்று லானில் ஊற்றுகிறார்கள். காப்பர் புல்லையே கருக்கிவிடும்.

களைக்கொல்லி அடித்த டேங்க்

அதைத் தொடாதீர்கள். பூஞ்சை மருந்துக்குத் தனி ஸ்பிரேயர்.

மழை வருமுன் அவசரமாக அடிப்பது

இலை மருந்து காய நேரம் வேண்டும். மேகம் கட்டி நிற்கும்போது அடித்தால் மருந்து சரிவில் இறங்கி ஓடைக்குப் போகும், கீழே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அசாக்சிஸ்ட்ரோபின் மீனுக்கும் ஆகாது. ஓடை ஓரத்துப் புல்லை விட்டுவிட்டு மீதிக்கு மட்டும் அடியுங்கள், அந்த ஓரம் கொஞ்சம் மஞ்சளாக இருந்தால் இருக்கட்டும்.