தமிழ்ங்கிற சொல்லுக்கு எத்தனை எழுத்து? பைத்தான்ல சரியா எண்ணுறது எப்படி

போன மாசம் ஒரு சின்ன சொல் விளையாட்டு எழுத உட்கார்ந்தேன். ஒளிச்சு வச்ச சொல்லுக்கு எத்தனை எழுத்தோ அத்தனை கட்டம் திரையில வரணும், ஆடுறவங்க ஒவ்வொரு கட்டமா நிரப்பணும், அவ்வளவுதான் விளையாட்டு. முதல் சோதனைக்கு "தமிழ்"னு குடுத்தேன். அஞ்சு கட்டம் வந்துச்சு. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகிட்ட கேட்டாலும் த, மி, ழ் மூணுன்னு சொல்லிடும், பைத்தானோட லென் மட்டும் அஞ்சுங்குது. இதைச் சரி பண்ண எனக்கு மூணு ராத்திரி ஆச்சு, அதுல ரெண்டு ராத்திரியை ஒரே ஒரு விஷயம் தின்னுடுச்சு. நீங்க அதுல மாட்டக்கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

பைத்தான் 3 போட்டு வச்சிருக்கீங்க, ஃபார் லூப் எழுதத் தெரியும், தமிழ்ல டைப் பண்ணத் தெரியும்னு எடுத்துக்கிறேன். கோடை மொத்தமா ஒட்டல, ஒவ்வொரு அடியும் என்ன செய்யணும்னு சொல்றேன், நீங்களே டைப் பண்ணுங்க, அப்பதான் கையில நிக்கும்.

படி 1: உள்ள என்ன இருக்குன்னு பாருங்க

ஒரு லூப் போட்டு "தமிழ்"ல இருக்கிற ஒவ்வொண்ணையும் ஆர்டுங்கிற (ord, எழுத்தோட எண்ணைச் சொல்ற) ஃபங்ஷன்ல குடுத்து பிரிண்ட் பண்ணுங்க. வர்றது இதுதான்: 2980, 2990, 3007, 2996, 3021. அதாவது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யூனிகோடு, அதாவது எல்லா மொழி எழுத்துக்கும் எண் குடுக்கிற பொது அட்டவணை, நம்ம உயிர்மெய்க்குத் தனித்தனி எண் குடுக்கல, அகரம் ஏறின மெய்க்கு ஒண்ணு, மேல ஒட்டுற குறிக்கு ஒண்ணு, புள்ளிக்கு ஒண்ணுன்னு வச்சிருக்கு. தமிழுக்கு ஒதுக்கின இடம் 2944ல ஆரம்பிச்சு 3071 வரைக்கும் 128 இடம், அதுலயும் நிறைய காலியா கிடக்கு. நமக்கு 247 எழுத்து இருக்கேன்னு கேட்டா, அதெல்லாம் இந்தத் துண்டுகளைச் சேர்த்துதான் வருது.

ஜாவாஸ்கிரிப்ட்லயும் இதே அஞ்சுதான் வரும். யூடிஎஃப்-8ல (அந்த எண்களை பைட்டா எழுதி வைக்கிற முறை) பைட்டா எண்ணுனா 15, ஏன்னா ஒவ்வொரு துண்டுக்கும் மூணு பைட்டு. பிஎச்பில எஸ்டிஆர்லென் (strlen) போட்டு 15 வந்து பயந்தவங்களுக்கு காரணம் அதுதான்.

இப்ப சொல்லைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. ழ்மித வரணும், ஆனா முதல்ல ஆளில்லாம ஒரு புள்ளி தனியா நிக்கும், கொக்கி மகரத்தை விட்டுட்டு ழகரத்துல போய் ஒட்டிக்கும், ழிமதன்னு ஏதோ ஒண்ணு வரும். இதைப் பார்த்த அப்புறம்தான் எனக்கு விஷயம் மண்டையில ஏறுச்சு.

படி 2: எழுத்தா வெட்டுங்க

ஒரு காலி லிஸ்ட் எடுத்துக்கோங்க. சொல்லுக்குள்ள ஒவ்வொரு துண்டா போங்க. அதோட எண் 3006ல இருந்து 3021க்குள்ள இருந்தாலோ இல்ல 3031ஆ இருந்தாலோ அது ஒட்டுக்குறி, லிஸ்ட்டுல கடைசியா இருக்கிறதோட சேர்த்துடுங்க. இல்லைன்னா புது எழுத்து, லிஸ்ட்டுல புதுசா போடுங்க. சொல் முதல்லயே ஒட்டுக்குறி வந்தா சேர்க்க ஆள் இருக்காது, எர்ரர் அடிக்கும், அதுக்கு ஒரு இஃப் போட்டுக்கோங்க. மொத்தம் பத்து வரி. லிஸ்ட்டோட லென் கேட்டா மூணு, திருப்புனா ழ்மித.

இதுக்குன்னே ஓப்பன்-தமிழ்னு ஒரு பைத்தான் லைப்ரரி இருக்கு, எழுத்து பிரிக்கிற ஃபங்ஷன் ரெடியா கிடைக்கும், பெரிய வேலைன்னா அதை எடுத்துக்கோங்க. பைத்தானோட கூடவே வர்ற ஆர்ஈ (re) மாட்யூல்ல இந்த வேலைக்கு நேரடி வசதி கிடையாது, தனியா போடுற ரீஜெக்ஸ் (regex) மாட்யூல்ல உண்டு. பிரவுசர்ல எழுதுறீங்கன்னா எழுத்தா வெட்டித் தர்ற இன்ட்டல் செக்மென்டர் (Intl.Segmenter) கூடவே வருது. என் விருப்பம் என்னன்னா, முதல் தடவை சொந்தமா அந்தப் பத்து வரியை எழுதிடணும், உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம லைப்ரரியைக் கூப்பிட்டா அடுத்த படியில கண்டிப்பா மாட்டுவோம்.

படி 3: இங்கதான் நான் மாட்டினேன்

கட்டம் சரியா வந்துடுச்சு. சொல் "கொக்கு". மூணு கட்டம், கொ, க், கு. நானே ஆடிப் பார்த்தேன், கொக்குன்னு டைப் பண்ணேன், க், கு ரெண்டும் பச்சையாச்சு, கொ மட்டும் சிவப்பு. தப்புங்குது. திரையில மேல இருக்கிற கொவும் கீழ இருக்கிற கொவும் அச்சு அசலா ஒண்ணு. எழுத்துரு மாத்தினேன், எடிட்டர் மாத்தினேன், கம்பேர் பண்ற இடத்தை நாலு தடவை திருப்பி எழுதினேன், கோடு முழுக்க அழிச்சுட்டு மறுபடி ஆரம்பிச்சேன். மற்ற சொல்லெல்லாம் ஒழுங்கா ஓடுது, ஒ, ஓ வர்ற சொல்லு மட்டும், அதுவும் சிலதுல மட்டும் இப்படி.

ரெண்டாம் ராத்திரி கடைசில மறுபடி படி 1க்குப் போய் ரெண்டு கொவையும் எண்ணா பிரிண்ட் பண்ணேன். நான் டைப் பண்ணது 2965, 3018. சொல் பட்டியல்ல இருந்தது 2965, 3014, 3006. அதாவது என் கீபோர்டு ஒகரக் குறியை ஒரே துண்டா போடுது, பட்டியலை எழுதினவங்க யாரோ ஒற்றைக் கொம்பு தனியா கால் தனியா போட்டிருக்காங்க. யூனிகோடு ரெண்டையும் ஏத்துக்குது, ரெண்டும் சமம்னும் சொல்லுது, திரையும் ஒரே மாதிரி காட்டுது, ஆனா பைத்தானோட சமக்குறி துண்டு துண்டாத்தான் ஒப்பிடும், அதுக்கு ரெண்டும் வேற வேற. நம்ம வெட்டுற ஃபங்ஷன் ரெண்டையுமே ஒரே எழுத்தா சேர்த்துடுறதால எண்ணிக்கை சரியா வந்து, தப்பு எங்கன்னே காட்டாம மறைச்சிடுச்சு.

தீர்வு ஒரே வரிதான். யூனிகோடுடேட்டாங்கிற (unicodedata) மாட்யூலை இம்போர்ட் பண்ணி, நார்மலைஸ் (normalize) ஃபங்ஷனுக்கு என்எஃப்சின்னு (NFC) குடுத்து சொல்லை அனுப்புங்க, கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே துண்டா குடுத்துடும். ஜாவாஸ்கிரிப்ட்ல ஸ்ட்ரிங்குக்கே நார்மலைஸ் இருக்கு. ஆனா இதை எங்க போடுறீங்கங்கிறது முக்கியம். ஃபைல்ல இருந்து படிச்ச உடனே ஒரு தடவை, ஆடுறவங்க டைப் பண்ணி வந்த உடனே ஒரு தடவை, ரெண்டு வாசல்லயும் போடணும். நான் முதல்ல பட்டியலுக்கு மட்டும் போட்டேன், வேற கீபோர்டுல ஆடினவங்களுக்கு திரும்ப சிவப்பு வந்துச்சு. வாசல்லயே சுத்தம் பண்ணி எழுத்தா வெட்டி லிஸ்ட்டா வச்சுக்கோங்க, அதுக்கு அப்புறம் உள்ள எங்கயும் ஸ்ட்ரிங்கைத் தொடாதீங்க, லிஸ்ட்டோட மட்டும் வேலை பண்ணுங்க.

ஒரு விஷயம் மட்டும் என்எஃப்சியால முடியாது. கௌதாரியை நிறைய பேரு கெ போட்டு பக்கத்துல ளகரம் போட்டு கெளதாரின்னு அடிக்கிறாங்க, பார்க்க ஒண்ணாத்தான் இருக்கு, ஆனா ஔகாரச் சிறகு 3031, ளகரம் 2995. மூணு எழுத்து நாலாயிடும். சரி, கெ மாதிரி ஒற்றைக் கொம்பு வச்ச எழுத்து பக்கத்துல ள வந்தா மாத்திடலாம்னு கோடு எழுதிடாதீங்க, கெளுத்தி மீனும் வெளியும் தெளிவும் நாசமாப் போயிடும். நான் பட்டியலைக் கையாலயே திருத்தினேன், பொறுமையா செஞ்சா அரை மணி நேர வேலைதான்.

படி 4: ஃபைலைத் திறக்கும்போது

ஓப்பன் பண்றப்ப என்கோடிங் யூடிஎஃப்-8ன்னு எப்பவும் எழுதுங்க. விண்டோஸ்ல விட்டுட்டா தமிழுக்குப் பதிலா தலையில சின்னக் கோடு போட்ட ஆங்கில ஏவும் வட்டமும் கலந்து குப்பையா வரலாம்.

டெர்மினல்ல தமிழ் உடைஞ்சு தெரிஞ்சா அதைப் பார்த்து கோடை மாத்தாதீங்க, நிறைய டெர்மினல் தமிழைச் சரியா வரையாது, டேட்டா நல்லாவே இருக்கும். சந்தேகம் வந்தா எண்ணைப் பிரிண்ட் பண்ணுங்க. நான் இப்பல்லாம் எழுத்தையும் எண்ணையும் பக்கத்துல பக்கத்துல காட்டுற ஒரு குட்டி ஃபங்ஷனை எல்லா ப்ராஜெக்ட்லயும் வச்சிருக்கேன்.

பிறகு சேர்த்தது

இதைப் பார்த்து செஞ்ச ஒருத்தர், பட்டியல்ல முதல் சொல்லு மட்டும் எப்பவும் தப்புங்குதுன்னு சொன்னாரு. எண் பார்க்கச் சொன்னேன், முன்னாடி 65279 உட்கார்ந்திருந்துச்சு. ஃபைல் தொடக்கத்துல சில எடிட்டரும் எக்செல்லும் போடுற கண்ணுக்குத் தெரியாத அடையாளம் அது. என்கோடிங்ல யூடிஎஃப்-8-சிக்னு (utf-8-sig) குடுத்துப் படிச்சா போயிடும்.

க்ஷ ஒரு எழுத்தா ரெண்டான்னும் கேட்டாங்க. நம்ம ஃபங்ஷன் க், ஷன்னு ரெண்டாத்தான் வெட்டும், ரீஜெக்ஸ் மாட்யூலும் அப்படியே. லக்ஷ்மிக்கு நாலு கட்டம் வர்றது எனக்குப் பிடிக்கல, அதனால வெட்டின அப்புறம் க் பக்கத்துல ஷ வந்தா சேர்த்துடுறேன். ரிக்‌ஷான்னு பிரிச்சு எழுதுறவங்க நடுவுல கண்ணுக்குத் தெரியாத 8204 ஒண்ணு போட்டிருப்பாங்க, சேர்க்கலாமா வேணாமான்னு அதை வச்சே முடிவு பண்ணலாம், முடிவு பண்ண அப்புறம் அதைத் தூக்கிடுங்க.

அடுத்தது வரிசை. சார்ட் (sort) போட்டா பகல் முதல்லயும் பக்கம் பின்னாலயும் வருது, அகராதில தலைகீழா இருக்கும். புள்ளியோட எண் பெரிசா இருக்கிறதுதான் காரணம், அதோட யூனிகோடுல ற, ன ரெண்டும் நம்ம நெடுங்கணக்கு வரிசையில இல்ல, ரகரத்துக்கும் நகரத்துக்கும் பக்கத்துல போய் உட்கார்ந்திருக்கு. நீங்களே ஒரு லிஸ்ட் பண்ணுங்க: உயிர் 12, அப்புறம் ஃ, அப்புறம் 18 மெய்யில ஒவ்வொண்ணுக்கும் புள்ளி வச்சது, அகரம், மிச்ச 11 குறி. ரெண்டு லூப்ல 247ம் வரிசையா வந்துடும், கிரந்த எழுத்தைக் கடைசில ஒட்டிக்கோங்க. சொல்லை எழுத்தா வெட்டி ஒவ்வொண்ணும் இந்த லிஸ்ட்டுல எத்தனாவது இடம்னு எண்ணா மாத்தி, அந்த எண் லிஸ்ட்டை சார்ட்டுக்கு கீயா குடுங்க. பக்கம் முன்னாடி வந்துடும்.