கார் எஞ்சினில் ‘உஸ்’ என்று சத்தமா? காற்றுக் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

பானட்டுக்குள்ளிருந்து ‘உஸ்’ என்று சீறும் சத்தம் கேட்டால், எதையும் கழற்றுவதற்கு முன் அது எந்த நேரத்தில் கேட்கிறது என்பதைக் கவனியுங்கள். இந்த ஒரு விவரம் இல்லாமல் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதால்தான், சென்சார், த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) என்று விலை கூடிய பாகங்களை மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருக்கும் நிலை பலருக்கு ஏற்படுகிறது.

சத்தம் வரும் நேரம்

ஏசியை அணைத்தபின் சில வினாடிகள் மட்டும் மெல்லிய சீறல் கேட்டால், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தம் சமநிலைக்கு வருகிறது என்று பொருள்; அதில் பழுது எதுவும் இல்லை. டர்போ டீசல் வண்டியில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் சத்தம் எழுந்து, இழுவை குறைந்து, கரும்புகையும் வந்தால், டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்திருக்கலாம் அல்லது அதன் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். அந்த இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருப்பதைப் பார்க்கலாம்.

எஞ்சினை அணைத்த பிறகும் சீறல் தொடர்ந்து, இனிப்பான வாடையும் அடித்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிந்து சூடான பாகத்தில் விழுகிறது. அப்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் இருப்பதால்தான் அந்தத் திரவம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த கணமே பொங்கி முகத்திலும் கையிலும் தெறிக்கும். எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே கசிவைத் தேட வேண்டும்.

பெட்ரோல் வண்டி ஓரிடத்தில் நின்று ஐடிலில் ஓடும்போது சத்தம் தெளிவாகக் கேட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்தால் குறைகிறது என்றால், அது வேக்குவம் கசிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஐடிலில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் உள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். எங்காவது ஓர் ஊசித்துளை இருந்தாலும் வெளிக்காற்று அதன் வழியே உள்ளே பாயும். கணக்கில் வராத இந்தக் காற்றால் ஐடில் ஏறி இறங்கும். நாளடைவில் செக் எஞ்சின் விளக்கு எரிந்து, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில், காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் இல்லை என்பதைக் காட்டும் பி0171 என்ற குறியீடு வரக்கூடும். பெரும்பாலும் இதற்குக் காரணம் வெடித்துப்போன ஒரு சிறிய ரப்பர் ஹோஸ்தான் என்பதால், முதலில் அதையே தேடுவோம்.

தேடும் முறை

வண்டியைத் திறந்தவெளியில், சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பது உயிருக்கே ஆபத்து. துப்பட்டா, சேலைத் தலைப்பு, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட் அருகே தொங்கக் கூடாது. ரேடியேட்டர் விசிறி எந்த நேரத்திலும் தானாகச் சுழலத் தொடங்கும்.

முதலில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே கண்ணால் பாருங்கள். மேனிஃபோல்டிலிருந்து பிரேக் பூஸ்டருக்கும் (பெடலை எளிதாக மிதிக்க உதவுவது), பிசிவி வால்வுக்கும் (எஞ்சினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை இன்டேக்குக்கு அனுப்புவது), பர்ஜ் வால்வுக்கும் (பெட்ரோல் டேங்க் ஆவியை இன்டேக்குக்கு அனுப்புவது) போகும் ஹோஸ்கள் ஒவ்வொன்றையும் விரலால் மெல்ல வளைக்க வேண்டும். நேராக இருக்கும்போது முழுசாகத் தெரியும் ஹோஸ், வளைத்தவுடன் கிளாம்ப்பை ஒட்டிய இடத்தில் வாய் பிளந்து காட்டும். வெடிப்பு பெரும்பாலும் நுனிகளிலும், எஞ்சின் சூடு படும் அடிப்பக்கத்திலும்தான் இருக்கும். எலி கடித்த தடயத்தையும் பாருங்கள்.

கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை என்றால், எஞ்சினை ஸ்டார்ட் செய்து, இரண்டடி நீள ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதருகே பிடித்துக்கொண்டு, மறுநுனியை ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் நகர்த்துங்கள். கசிவு உள்ள இடத்தை நெருங்கும்போது சத்தம் சட்டென்று கூர்மையாகும். அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைச் சிறிதளவு தெளித்தால், அது உள்ளே இழுக்கப்பட்டு, சத்தம் ஒரு கணம் மாறும் அல்லது நின்றுபோகும். இக்னிஷன் காயில், வயரிங் இணைப்புகள் ஆகியவற்றின் மேல் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிலர் இதற்குக் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடிப்பார்கள். சூடான எஞ்சினில் அது தீப்பற்றக்கூடியது என்பதால், புதிதாகப் பழகுபவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பிரேக் பூஸ்டரைத் தனியாகச் சோதிக்க வேண்டும். எஞ்சினை அணைத்து, பெடலை அது இறுகும்வரை பலமுறை மிதித்து, அப்படியே மிதித்த நிலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றே கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்கிறது. இறங்காவிட்டாலோ, பெடலை மிதித்தபடி இருக்கும்போது சீறல் தொடர்ந்து கேட்டாலோ, பூஸ்டரிலோ அதன் ஹோஸிலோ பழுது இருக்கிறது. இதைத் தள்ளிப்போடாமல், வண்டியை ஓட்டுவதற்கு முன் மெக்கானிக்கை வரவழைத்துக் காட்டுங்கள்.

சரிசெய்தல்

எஞ்சினை அணைத்து ஆறவிட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள். நுனியில் மட்டும் வெடித்து, ஹோஸின் நீளமும் போதுமானதாக இருந்தால், அரை அங்குலம் நறுக்கிவிட்டு மறுபடி மாட்டலாம். ஆனால் அந்த ரப்பர் ஏற்கெனவே காய்ந்திருக்கும் என்பதால் இது தற்காலிக ஏற்பாடுதான். புதிது வாங்கும்போது பழைய துண்டைக் கையோடு எடுத்துச் சென்று, அதே உள்விட்டம் உள்ள வேக்குவம் ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணத் தண்ணீர்க் குழாய் சூட்டில் இளகி, உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளும். பிசிவி ஹோஸ் எண்ணெய் ஆவியைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். பிரேக் பூஸ்டர் ஹோஸை நறுக்குவதோ டேப் சுற்றுவதோ கூடாது. ஒருவழி வால்வோடு சேர்த்து முழுதாக மாற்றிவிடுங்கள்.

மாட்டி முடித்ததும் ஐடில் சீராக இருக்கிறதா என்று பாருங்கள். ஓபிடி ஸ்கேனர் இருந்தால், ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) அளவையும் கவனியுங்கள்: ஐடிலில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறி, 2500 ஆர்பிஎம்மில் குறைந்துவிடுகிறது என்றால் இன்னொரு கசிவு மிச்சம் இருக்கலாம். எல்லா ஹோஸ்களும் நன்றாக இருந்தும் சத்தம் நிற்கவில்லை என்றால் மேனிஃபோல்டு எஞ்சினோடு சேரும் இடத்தை அடைக்கும் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். அந்த வேலையை ஒர்க்‌ஷாப்பிடம் விட்டுவிடுங்கள்; ஆனால் எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்கும் முன், புகையை உள்ளே செலுத்திக் கசிவைக் காட்டும் ஸ்மோக் டெஸ்ட்டைச் செய்யச் சொல்லி, புகை வெளியேறும் இடத்தை நேரில் பாருங்கள்.